அரையாண்டு லீவில் வொண்டர்லா: கொச்சியா, பெங்களூரா?

ஈரோட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி டிசம்பர் பிறந்ததும் வந்துவிடும். வடக்கே பெங்களூரு, மேற்கே கொச்சி. காரில் போனால் இரண்டுமே 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்தான். இரண்டு ஊரிலும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை லீவு. கூட்டமில்லாத நாளில் போவதுதான் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இந்த வாரத்தை விட்டால் அடுத்தது மே மாதம்தான். ஆகவே கூட்டம் இருக்கும் என்று ஒத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தை எந்த ஊரில் சமாளிப்பது சுலபம் என்றுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் 2024 கிறிஸ்துமஸ் லீவில் பெங்களூரு போனோம். 2025 லீவில் கொச்சி. இரண்டு தடவையும் அதே எட்டுப் பேர்: நான், மனைவி, மகள், மகன், அக்கா, மச்சான், கல்லூரியில் படிக்கும் அவர்கள் பையன், அப்புறம் அம்மா. இந்த வருடமும் கொச்சிதான் என்று முடிவாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். கொச்சியில் பள்ளிக்கரை என்ற இடத்தில் இருப்பதுதான் மூத்தது. வி-கார்டு நிறுவனர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் ‘வீகாலேண்ட்’ என்ற பெயரில் தொடங்கியது. பெங்களூரில் மைசூர் சாலையில், பிடதிக்குப் பக்கத்தில் இருப்பது 2005இல் வந்தது, 80 ஏக்கருக்கு மேல். டிக்கெட் இரண்டிலும் உயரக் கணக்குதான். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தை டிக்கெட். விடுமுறை நாளில் விலை கூடும், ஆன்லைனில் முன்கூட்டியே போட்டால் கொஞ்சம் மிச்சம். கல்லூரி அடையாள அட்டைக்குச் சலுகை உண்டு, மறக்காமல் எடுத்துப் போங்கள். தண்ணீரில் இறங்க நைலான், பாலியெஸ்டர் மாதிரித் துணிதான் வேண்டும், பருத்தி கூடாது. பயங்கர ரைடுகளில் பெரும்பாலானவற்றுக்கு 140 செ.மீ. உயரம் வேண்டும். கிளம்புவதற்கு முன்பு வீட்டுக் கதவு நிலையில் பிள்ளையை நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு அளந்துவிடுங்கள். பெங்களூரு போனபோது என் மகள் 138. அது அங்கே போய்த்தான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணன், அதாவது அக்கா பையன், ஏறுகிற ரைடையெல்லாம் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இனி, என் முடிவைத் தீர்மானித்த ஒரே விஷயம்: டிசம்பர் குளிர்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிற ஊர். டிசம்பரில் ராத்திரி 16 டிகிரி வரை இறங்கும். பகலில் 26, 27 வரும் என்றாலும், வெயில் உறைக்கிற நேரம் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரைதான். பூங்கா திறக்கும் நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்ற மனசு வராது. நாலு மணிக்கு மறுபடி காற்று வந்துவிடும். பூங்காவில் பாதி தண்ணீர் விளையாட்டு. அந்தப் பாதியை அனுபவிக்க மூன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்று ஆகிவிடுகிறது.

தண்ணீருக்குள் இருக்கும்போது குளிர் தெரியாது. வெளியே வந்ததும் அடிக்கிற காற்றுதான் ஆளை உலுக்கும். மகனுக்கு அப்போது ஏழு வயது. சறுக்கு ஒன்றுக்கு மாடிப்படியில் வரிசை நின்றது. நாலு மணி இருக்கும். ஈரப் படியில் வெறுங்காலோடு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறான். இரண்டு கையும் அக்குளுக்குள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கிறது. “குளுருதுப்பா” என்கிறான், ஆனால் இறங்கி வரவும் மாட்டேன் என்கிறான், அவ்வளவு நேரம் நின்றாகிவிட்டதே என்று. துண்டு லாக்கரில். லாக்கர் எங்கேயோ. எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு சுற்றுப் படி ஆட்கள். கடைசியில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அதன் பிறகு அன்று முழுக்க அவன் பாட்டி மடியில், அவருடைய சால்வைக்குள், சுடச்சுட மக்காச்சோளத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரெயின் டிஸ்கோ மட்டும்தான் அவனுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிற தண்ணீர். பாட்டுக்கு மேலிருந்து பொழிகிற நீர் அங்கே வெதுவெதுப்பாக இருந்தது.

குளிர் என்பது உடம்புக்கு மட்டும் ஆன விஷயம் என்றால் இவ்வளவு நீட்டிச் சொல்ல மாட்டேன். வரிசையின் நீளத்தையும் அதுதான் தீர்மானிக்கிறது.

ரீகாய்ல் என்ற ரோலர் கோஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலைப் பின்பக்கமாக மேலே இழுத்து விடுவார்கள். அது சுழன்று, தலைகீழாகி, எதிர்ப்பக்கம் ஏறி, அதே தண்டவாளத்தில் பின்னோக்கித் திரும்பி வரும். போன பாதையிலேயே திரும்புவதால் ஒரே ரயில்தான் ஓட முடியும். ஒரு தடவைக்கு முப்பது பேருக்குள். ஏற்றி, பூட்டுப் போட்டுச் சரிபார்த்து, ஓட்டி, இறக்க மூன்று நிமிடம் என்று வையுங்கள். உங்களுக்கு முன்னால் 300 பேர் நின்றால் அரை மணிக்கு மேல் ஆகும். 600 என்றால் ஒரு மணி நேரம். இந்தக் கணக்கை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் அலைக்குளம் அப்படி இல்லை. அங்கே வரிசையே கிடையாது. நூற்றுக்கணக்கான பேரை ஒரே நேரத்தில் உள்ளே வாங்கிக்கொள்ளும்.

ஆக, கூட்ட நாளில் அலைக்குளமும் மற்ற குளங்களும்தான் வடிகால். அங்கே ஆட்கள் இறங்கினால்தான் மற்ற ரைடுகளின் வரிசை குறையும். பெங்களூரில் நாங்கள் போன அன்று காலையில் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. எல்லோரும் தண்ணீர் இல்லாத ட்ரை ரைடுகளில் நின்றார்கள். மதியம் வெயில் வந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் சறுக்குகளுக்கு ஓடினார்கள். நாலு மணிக்கு நடுங்கிக்கொண்டு எல்லோரும் மறுபடி ட்ரை ரைடுக்கு. வந்த கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது, நாமும் அதோடு சாய வேண்டியிருந்தது.

கொச்சியில் டிசம்பர் பகல் 31, 32 டிகிரி. ராத்திரியில்கூட 23க்குக் கீழே அதிகம் போகாது. புழுக்கம் உண்டு, அதை மறைக்கவில்லை. வரிசையில் நிற்கும்போது முதுகில் வேர்வை வழிந்தது. ஆனால் அந்தப் புழுக்கமே எல்லோரையும் தண்ணீருக்குத் தள்ளுகிறது, அதுவும் திறந்த நேரத்திலிருந்தே. அதனால் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: கதவு திறந்ததும் ஒரு மணி நேரம் பயங்கர ரைடுகள். மகள் அதற்குள் 140ஐத் தாண்டியிருந்தாள். ரீகாய்லில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தாள், இறங்கியதும் மறுபடி வரிசைக்கு ஓடினாள். பிறகு சாப்பாடு, அப்புறம் சாயங்காலம் வரை தண்ணீர். அலை வரப்போகிறது என்று சைரன் ஒலித்ததும் குளத்தில் நிற்கிற அத்தனை பேரும் ‘ஓ’ என்று கத்துவார்கள் பாருங்கள், மகன் அந்தச் சத்தத்துக்காகவே ஐந்து மணி வரை வெளியே வரவில்லை. தலை துவட்டாமலே ஐஸ்கிரீம் கேட்டான். வாங்கிக் கொடுத்தோம்.

எண்ணிப் பார்த்தால் பெங்களூரில் மகன் ஏறியவை ஐந்து. கொச்சியில் பதினொன்று. இரண்டு நாளும் கூட்டத்தில் பெரிய வித்தியாசம் இருந்ததாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நாள் அனுபவம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாளில் கூட்டம் வேறு மாதிரி இருக்கலாம். குளிர் மட்டும் மாறாது.

கூடுதல் காசு கொடுத்து வரிசையைத் தாண்டும் ஃபாஸ்ட்டிராக் டிக்கெட் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பெங்களூரில் மச்சானுக்கும் அவர் பையனுக்கும் எனக்கும் மட்டும் வாங்கினோம். பயன் இருந்தது. ஆனால் நாங்கள் மூன்று பேரும் ஒரு பக்கம், பிள்ளைகளும் பெண்களும் இன்னொரு பக்கம் என்று நாள் இரண்டாகப் பிரிந்துபோனது. எட்டுப் பேருக்கும் வாங்கினால் கையைக் கடிக்கும். கொச்சியில் வாங்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

இனிப் பாதை. இதில் பெங்களூருதான் மேல், ஒத்துக்கொள்கிறேன். சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வரை ஒரே ஓட்டம். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் ரோடு என்ற சுங்கச் சாலையைப் பிடித்தால் நகரத்துக்குள் நுழையாமலே மைசூர் சாலைக்குப் போய்விடலாம். முதல் நாள் ராத்திரி ஓசூரில் தங்கினோம். காலையில் பிடதியில் தட்டை இட்லி, வெண்ணெய் வைத்து. அதற்காகவே ஒரு தடவை போகலாம். பூங்காவை ஒட்டியே அவர்களுடைய ரிசார்ட்டும் இருக்கிறது, தங்க வசதி உள்ளவர்களுக்கு அலைச்சல் இல்லை.

கொச்சிப் பாதை அவ்வளவு சுகம் இல்லை. குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு பாலக்காடு, திருச்சூர் இடையே பெரிய நிம்மதி. ஆனால் திருச்சூர் தாண்டி ஆம்பல்லூர், முரிங்கூர் பக்கம் சாலைக்கு அடியில் வழி அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்ததால் வண்டி ஊர்ந்துதான் போனது. அதோடு சபரிமலை சீசன். இங்கேதான் தேதியைப் பார்க்க வேண்டும். மண்டல பூஜை டிசம்பர் 26 அல்லது 27இல் முடிந்து நடை சாத்துவார்கள். மகரவிளக்குக்காக மறுபடி 30ஆம் தேதி நடை திறக்கும். நடுவில் இருக்கிற 28, 29 இரண்டு நாளும் மாலை போட்ட வண்டிகள் சாலையில் குறைவு. நாங்கள் போனது 29. முதல் நாள் மதியமே கிளம்பி ஆலுவாவில் தங்கி, காலையில் களமசேரி, காக்கநாடு வழியாகப் போய்விட்டோம். 31ஆம் தேதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஃபோர்ட் கொச்சியில் நள்ளிரவில் பாப்பாஞ்சி என்ற பெரிய பொம்மையை எரிப்பதைப் பார்க்க வருகிற கூட்டத்தில் நகரத்துக்குள் ரூம் கிடைப்பது கஷ்டம்.

அம்மாவுக்கு எது என்று அக்கா கேட்டாள், நியாயமான கேள்வி. புடவையோடு தண்ணீரில் இறங்க முடியாது. இரண்டு இடத்திலும் அம்மாவின் வேலை பையைப் பார்த்துக்கொள்வதுதான். கொச்சிப் பூங்கா மேடும் சரிவுமான இடம், மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறி இறங்குவது சிரமம். பெங்களூரில் நடை அதிகம், ஆனால் ஏற்றம் குறைவு. அம்மாவிடமே கேட்டேன். “கால் வலி ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான் சாமி. அங்க பையன் நடுங்குனான், இங்க நடுங்கல” என்றார்.

சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவை ஏன் விட்டுவிட்டாய் என்று மச்சான் கேட்டார். ஈரோட்டிலிருந்து 400 கிலோமீட்டர். அதோடு வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். சென்னையில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு அதுதான் முதல் தேர்வாக இருக்கும். எங்களுக்கு மே மாதம் பார்க்கலாம்.

பெங்களூரை யாருக்குச் சொல்வேன் என்றால், கல்லூரிப் பசங்களுக்கு. அக்கா பையன் இன்றைக்கும் பெங்களூரு கட்சிதான். அவனுக்குத் தண்ணீர் முக்கியமில்லை, ரைடுதான் முக்கியம். குளிரும் அவனை ஒன்றும் செய்யவில்லை. பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், லீவு டிசம்பரில்தான் என்றால், கொச்சி. இதே கேள்வி ஏப்ரலில் வந்தால் நான் பெங்களூரு என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது அந்தக் காற்றே சுகமாக இருக்கும்.

இந்த வருடம் 29ஆம் தேதிக்கு எட்டு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆலுவாவில் அதே லாட்ஜ். துண்டு மட்டும் லாக்கருக்குப் போகாது, அம்மா பையில் மேலாக இருக்கும்.