போர் தண்ணீருக்கு 25 லிட்டர் சாஃப்ட்னர்: தருமபுரி வீட்டுக்கு ஆகுமா?

தருமபுரியில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று நகராட்சிக் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர், மற்றது வீட்டு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. ஒகேனக்கல் தண்ணீரில் சோப்பு நுரைக்கும், துவரம்பருப்பு குழையும். போர் தண்ணீர் ஓடும் இடமெல்லாம் குழாய் வாயில் உப்புப் பூத்துவிடும், ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொள்ளும், டைல்ஸில் வெள்ளைத் திட்டு போகவே போகாது. இந்த போர் தண்ணீரை மென்மையாக்கக் கடைகளில் விற்கப்படும், 25 லிட்டர் ரெசின் (சின்னப் பிளாஸ்டிக் மணிகள்) நிரப்பிய சாஃப்ட்னரைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குளிக்க, துவைக்க, கீசருக்கு, வாஷிங் மெஷினுக்கு வாங்கலாம். குடிக்கவும் சமைக்கவும் இதை நம்பக் கூடாது. கடைக்காரர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்.

உள்ளே நடப்பது எளிய வேலைதான். ரெசின் மணிகளில் சோடியம் ஒட்டியிருக்கும். தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடும். உப்பு வெளியேறவில்லை, ஆள் மாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவை வைத்துப் பார்த்தால் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே எண்தான் காட்டும், சில சமயம் கொஞ்சம் கூடவும் காட்டும். இதைப் பார்த்துவிட்டு மெஷின் ஓடவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுவது வீண். பார்க்க வேண்டியது கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பது. அதற்குச் சொட்டு மருந்து கிட் இருக்கிறது. கடினமான தண்ணீரில் முதல் இரண்டு மருந்தையும் விட்டால் ஒயின் சிவப்பாக மாறும். மூன்றாவதைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலமாகும் வரை எண்ண வேண்டும். சாஃப்ட்னர் நன்றாக ஓடினால் முதல் சொட்டிலேயே, பல நேரம் அதற்கும் முன்பே, நீலம் வந்துவிடும். கிட் இல்லையென்றால் குளியல் சோப்பைச் சீவி அரை பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்குங்கள்: திரிந்த பால் மாதிரி மிதந்தால் கடினம், நுரை நின்றால் மென்மை. ஷாம்பூவை வைத்துப் பார்க்காதீர்கள், அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்.

இனி கணக்கு. மணிகளில் சோடியம் தீர்ந்ததும் உப்புநீரை ஓட்டி மறுபடி ஏற்ற வேண்டும், அதுதான் உப்பேற்றுவது. ஒரு லிட்டர் ரெசின் ஒரு முறை உப்பேற்றினால் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைத் தாங்கும். 25 லிட்டருக்கு 1,250 கிராம். போர் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருந்தால் 2,500 லிட்டர் கிடைக்கும். நாலு பேர் வீட்டில் நாளுக்கு 500 லிட்டர் செலவானால் ஐந்து நாள். ஒவ்வொரு முறையும் 3¾ கிலோ உப்பு வேண்டும், மாதம் ஆறு முறை, 22 கிலோவுக்கு மேல். கடினத்தன்மை 800 என்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை, உப்பு 37 கிலோவைத் தாண்டும். அந்த அளவுத் தண்ணீருக்கு 25 லிட்டர் கலன் சின்னது, 50 லிட்டர் பாருங்கள். இந்திய தரநிலை ஐஎஸ் 10500 குடிநீருக்கு வைத்த விரும்பத்தக்க அளவு 200, வேறு தண்ணீர் இல்லாதபோது 600 வரை. உங்கள் எண் தெரியாமல் கலன் வாங்காதீர்கள்.

உப்பேற்றுவதில்தான் பலர் சொதப்புகிறார்கள். கலனில் தண்ணீர் ஓடும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வைத் திருப்பி முதலில் 10 முதல் 15 நிமிடம் பேக்வாஷ். அடியிலிருந்து தண்ணீர் ஏறி ரெசினைத் தளர்த்தி அழுக்கைத் தள்ளும். கலனின் மேலே மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருந்தால்தான் ரெசின் பொங்க இடம் இருக்கும். பிறகு 35 லிட்டர் தண்ணீரில் கரைத்த உப்பை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக இழுக்க விட வேண்டும். அவசரத்தில் பத்து நிமிடத்தில் இழுத்துவிட்டால் உப்பு சாக்கடைக்குப் போகும், ரெசின் பாதிதான் தேறும், ஐந்து நாள் வர வேண்டியது இரண்டே நாளில் தீரும். கடைசியில் அலசல், வாயில் வைத்தால் கரிக்காத வரை. சாதாரணக் கல்லுப்பில் மண்ணும் மெக்னீசியமும் இருக்கும். வேறு வழியில்லையென்றால் தனி வாளியில் கரைத்து, தெளிய வைத்து, மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். அந்தக் கழிவு உப்புநீரைத் தென்னைக்கு விட்டால் மண் கெட்டுப்போகும்.

பொருத்தும் இடமும் முக்கியம். மேல் தொட்டிக்குக் கீழே மாட்டினால் பாத்ரூமில் அழுத்தம் செத்துவிடும்: பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ அழுத்தம், ஒரு மாடி வீட்டில் அதில் பாதிகூடக் கிடைக்காது. மோட்டாருக்கும் மேல் தொட்டிக்கும் நடுவில் மாட்டுவது நல்லது. ஆனால் 25 லிட்டர் ரெசின் மணிக்குச் சுமார் 1,000 லிட்டர்தான் தாங்கும். மோட்டார் இரண்டாயிரம் தள்ளினால் தண்ணீர் மணிகளைத் தொட்டும் தொடாமலும் ஓடி, கடினமாகவே மேலே ஏறும். பைபாஸ் லைன் போட்டு, கேட் வால்வில் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பிளம்பர் அலுத்துக்கொள்வார், விடாதீர்கள். ரெசின் 25 லிட்டர் மூட்டையாக வரும், உங்கள் கண்முன் பிரித்துக் கொட்டச் சொல்லுங்கள். அடியில் கூழாங்கல்லைக் கூடுதலாகப் போட்டு ரெசினைக் குறைப்பதும் உண்டு.

குடிப்பதற்கு ஏன் ஆகாது? முதல் காரணம் சோடியம். 500 கடினத்தன்மையை எடுத்தால் லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் சேரும். இரத்த அழுத்தக்காரர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. அதைவிடப் பெரிய காரணம் இந்த மண். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் விரும்பத்தக்க அளவு, 1.5 உச்சவரம்பு. அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை, எலும்பில் இறுக்கம். சாஃப்ட்னர் நேர் மின்னூட்டத்தை மட்டுமே பிடிக்கும், எதிர் மின்னூட்ட ஃபுளோரைடு அப்படியே வெளியே வரும். டிடிஎஸ் பேனாவும் காட்டாது, மொத்த டிடிஎஸ் 900-இல் ஃபுளோரைடு 3 எந்த மூலைக்கு? காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். இன்னொரு ஏமாற்றம்: கால்சியம் குறைந்த, வாய்க்கு இதமான போர் தண்ணீரில்தான் ஃபுளோரைடு அதிகம் தங்கும். ‘எங்க போர் இளநீர் மாதிரி’ என்பது சான்றிதழ் ஆகாது.

ரூ.1,928.80 கோடியில் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் நோய்) தணிப்பு’ இருப்பது இதனால்தான். அந்தத் தண்ணீரை போர் தண்ணீரோடு ஒரே சம்பில் விட்டுக் கலப்பதுதான் இங்கே வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. கலந்தபின் சாஃப்ட்னருக்கும் கூடுதல் வேலை, குடிக்கவும் ஆகாது. ஒகேனக்கல் லைனுக்குத் தனியாக 500 லிட்டர் தொட்டி, சமையலறைக்கு அதிலிருந்து தனிக் குழாய். சாஃப்ட்னர் போர் லைனில் மட்டும்.

குழாய் நாள்கணக்கில் வராத தெரு என்றால் குடிக்க ஆர்ஓ. அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: ருசிக்காகப் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் டிடிஎஸ் திருகு. போரில் டிடிஎஸ் 900, ஃபுளோரைடு 3, ஆர்ஓவின் வடிகட்டும் சவ்வான மெம்பிரேனைத் தாண்டியபின் டிடிஎஸ் 60, ஃபுளோரைடு 0.2 என்று வையுங்கள். டிடிஎஸ் 150 வரும்படி திருகை வைத்தால் டம்ளரில் ஃபுளோரைடு 0.5. ‘இன்னும் கொஞ்சம் ருசியா’ என்று 300-க்கு ஏற்றினால் 1.0, விரும்பத்தக்க அளவின் விளிம்பு. மெம்பிரேன் பழசானால் அதையும் தாண்டும். சர்வீஸ் ஆள் வந்துபோன பிறகு அந்தத் திருகை ஒரு முறை பாருங்கள். போர் தண்ணீரை ஆண்டுக்கு இரு முறை, கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.