ஐயர் பிரசங்கமும் அம்மாவின் போனும்

2020-ல் ஈஸ்டர் ஏப்ரல் 12-ஆம் தேதி வந்தது. ஊரடங்கு போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அம்மா நாலரை மணிக்கே குளித்துப் பட்டுச் சேலை கட்டி, சீனி டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பூட்டிய கோயிலுக்குள் ஐயரும் மணியடிப்பது முதல் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டியாரும் கீபோர்டு வாசிக்கிற பையனும் மட்டும். (திருநெல்வேலிப் பக்கம் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபையின் ஆயரை ஐயர் என்றும் தேவாலயத்தைக் கோயில் என்றும்தான் சொல்வோம்.) சபையார் நின்று சேர்ந்து சொல்கிற விசுவாசப் பிரமாணம் வந்ததும் அம்மா எழுந்து நின்றாள். பாதியில் நெட் போய்விட்டது. ஐயர் வாய் திறந்தபடி உறைந்துவிட்டார், அவர் மூக்கின் மேல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. "உட்காரும்மா" என்றேன். "பிரமாணம் முடியலயே" என்று மீதியைத் தானே சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

கோயில் திறந்த பிறகும் போனில் பிரசங்கம் கேட்கிற பழக்கம் போகவில்லை. போன மாதம் தங்கை மகன் நேராகவே கேட்டான்: "போன்லயே இதைவிட நல்ல பிரசங்கம் கிடைக்குது மாமா. சுமாரான ஒண்ண எதுக்குக் கோயில்ல உட்கார்ந்து கேக்கணும்?" அவன் கேட்டது நியாயம்தான். அதனால் கோயிலின் பிரசங்கப் பீடம், கன்வென்ஷன் கூட்ட மைதானம், ரேடியோ, டிவி, போன் என்று நான் கேட்டு வளர்ந்த எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒரு கருவி வந்தால் பீடம் காலியாகிவிடும் என்கிற பயம் பழசு. தரங்கம்பாடிக்கு ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706-ல் வந்தார், தமிழ் அச்சு எழுத்துகள் 1713-ல் வந்தன, 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. புத்தகம் கையில் கொடுத்தாயிற்று, இனி வீட்டிலேயே வாசித்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. 1718-ல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டித் திறந்தார்கள். லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பேர்பெற்ற பிரசங்கியார் 1855 முதல் தன் பிரசங்கத்தை வாராவாரம் ஒரு பென்னி விலைக்கு அச்சடித்து விற்றார். படிக்கத்தான் கிடைக்கிறதே என்று கூட்டம் குறைந்ததா? 1857 அக்டோபரில் கிறிஸ்டல் பேலஸில், மைக் என்ற சாமானே இல்லாத காலத்தில், அவர் பேச்சைக் கேட்க வந்தவர்கள் 23,654 பேர். அவர் 1892-ல் இறந்த பிறகும் அந்த வாரப் பிரசங்கம் 1917 வரை வந்துகொண்டிருந்தது. ஆள் போன பிறகு கால் நூற்றாண்டு 'அப்லோடு' நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம்?

போன் ஜெயிப்பதாக எல்லோரும் நினைக்கிற இடம் இது. யூடியூப் ஷார்ட்ஸ் 2020 செப்டம்பரில் இந்தியாவில்தான் முதலில் வந்தது, அப்போது 15 விநாடி. இப்போது மூன்று நிமிடம் வரை போகலாம். எங்கள் ஐயர் அந்த மூன்று நிமிடத்தில் "கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே" என்று சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, போன வாரம் சொன்னதை நினைவுபடுத்தி முடித்திருப்பார். போப் பிரான்சிஸ் 2024 ஜூனில் குருக்களுக்குச் சொன்ன கணக்கு எட்டு நிமிடம். அதற்கு மேல் போனால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்றார். அவர் சொல்வதற்கு வேதத்திலேயே சாட்சி இருக்கிறது. துரோவா பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுல் நடுராத்திரி வரை பேச, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி, மூன்றாம் மாடியில் இருந்து விழுந்தான். பவுலுக்கே அந்தக் கதி.

ஆனாலும் எட்டு நிமிடம் எனக்குப் போதாது. ஒரு வசனத்தை எடுத்து, அது யாருக்குச் சொல்லப்பட்டது, ஏன் என்று விளக்கவே பத்து நிமிடம் ஆகும். பிரச்சினை வேறு. நாங்கள் கேட்கிற நாற்பது நிமிடப் பிரசங்கங்களில் பன்னிரண்டு நிமிடச் சரக்குதான் இருக்கிறது. மீதியெல்லாம் சுற்று. போனில் அதே ஆளை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் சுற்று தெரியாது. கோயில் பெஞ்சில் அந்தப் பட்டன் கிடையாது.

நீளம் மட்டும்தான் தொல்லை என்றால் கன்வென்ஷன் மைதானம் எப்போதோ காலியாகியிருக்க வேண்டும். அங்கே ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள், யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மணலில் பாய் விரித்து, பிள்ளையை மடியில் தூங்கப்போட்டு, வேர்க்கடலைப் பொட்டலம் பிரித்துக் கேட்கிற சுகம் தனி. அதில் எனக்குப் பிடித்தவர் பேச வந்தவர் இல்லை, மொழிபெயர்க்கிறவர். 1956-ல் அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரகாம் பாளையங்கோட்டைக்கு வந்து பேசியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் மெட்ராஸில் பேசியபோது தமிழிலும் தெலுங்கிலும் இரண்டு பேர் மொழிபெயர்த்தார்கள். நான் பார்த்த கூட்டங்களில், நல்ல மொழிபெயர்ப்பாளர் வெளிநாட்டுக்காரர் கையை எவ்வளவு உயர்த்துகிறாரோ அவ்வளவு தானும் உயர்த்துவார். அவர் சொன்ன ஜோக் நம் ஊருக்கு எடுபடாது என்று தெரிந்தால், சட்டென்று இங்கத்திய ஒன்றைப் போட்டுச் சிரிக்கவைத்துவிடுவார். வெளிநாட்டுக்காரர் தன் ஜோக்குக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று சந்தோஷப்படுவார். அப்புறம், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் கிடைக்கிற அந்த இடைவெளி! கேட்டதை ஒரு தடவை வாய்க்குள் போட்டுப் பார்க்க நேரம் இருக்கும். ஒன்றரை மடங்கு வேகத்தில் போவது முதலில் அந்த இடைவெளிதான்.

மைதானத்தின் குறை, அது இரண்டு மூன்று ராத்திரிச் சமாச்சாரம். மூன்றாம் நாள் பந்தலைப் பிரிப்பார்கள், பேசியவர் ரயிலேறிவிடுவார். மனந்திரும்புகிறேன் என்று கூட்டத்தில் கை தூக்கியவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது.

காதோடு பேசிய ரேடியோ

ரேடியோவில் முதல் ஆராதனை 1921 ஜனவரி 2-ஆம் தேதி, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் கல்வாரி ஆலயத்தில் இருந்து கேடிகேஏ நிலையம் வழியாகப் போனது. பேசியது தலைமைக் குரு இல்லை, உதவிக் குரு. வயர் மாட்ட வந்த இரண்டு இன்ஜினியர்களையும் கண்ணை உறுத்தக் கூடாது என்று பாடகர் குழு அங்கி போட்டு உட்காரவைத்தார்களாம். அவர்களில் ஒருவர் யூதர், மற்றவர் கத்தோலிக்கர்.

எங்களுக்கு ரேடியோ என்றால் ராத்திரி. சேஷல்ஸ் தீவில் இருந்து ஃபெபா, மணிலாவில் இருந்து வேரித்தாஸ், இலங்கைப் புத்தளத்தில் இருந்து 882 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ. முள்ளை மயிரிழை அளவு நகர்த்தினால் கடல் இரைச்சல், இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் தமிழ். பதினைந்து நிமிடம், ஒரே குரல், அவசரம் இல்லாத பேச்சு. முகம் தெரியாததால் அவர் கோட்டையும் வாட்ச்சையும் பார்த்து எடைபோட வழி கிடையாது. முடிவில் ஒரு விலாசம் சொல்வார்கள். அப்பா இன்லண்டு லெட்டர் எழுதிப் போடுவார். ஒரு மாதம் கழித்துப் பதில் வரும், அச்சடித்த தாளின் ஓரத்தில் கையால் இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரிக்காகவே அவர் அடுத்த கடிதம் எழுதினார் என்று நினைக்கிறேன். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வேரித்தாஸுக்கு எழுதினார்கள், நேயர் மன்றம் வைத்தார்கள். 2018-ல் வேரித்தாஸ் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது.

என் கணக்கில் பீடத்துக்கு வெளியே பிரசங்கம் மரியாதையாக இருந்தது ரேடியோவில்தான். சத்தம் போட வேண்டிய தேவை அதற்கு இல்லை.

டிவிக்கு அது வாய்க்கவில்லை. அரைமணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அந்தக் காசு பார்க்கிறவர்களிடம் இருந்து வர வேண்டும். ஆகவே பிரசங்கம் இருபத்திரண்டாம் நிமிடத்தில் வங்கிக் கணக்கு எண்ணை நோக்கித் திரும்புகிறது. கோயிலிலும் காணிக்கைப் பை வருகிறதே என்பார்கள். வருகிறது, ஆனால் பிரசங்கம் சொதப்பினாலும் வரும், நன்றாக இருந்தாலும் அதே பத்து ரூபாய்தான் விழும். ஐயருக்கு அதற்காக ஒரு அற்புதத்தை உயர்த்திச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. டிவியைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

போன் கொடுப்பதும் எடுப்பதும்

தங்கை மகன் சொல்வது இங்கே பெரிதும் சரி. ரோமர் நிருபத்தை அதிகாரம் அதிகாரமாக, மூல மொழிச் சொல்லோடு விளக்குகிற ஆட்கள் தமிழிலேயே இருக்கிறார்கள். எந்த ஐயரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவ்வளவு சொல்ல முடியாது. ஐயர் அந்த வாரம் இரண்டு கல்யாணம், ஒரு சாவு, பள்ளிக்கூடச் சண்டை ஒன்று என்று பார்த்துவிட்டு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குத் தயாரித்தவர். இன்னொன்று, பெண்கள். சிஎஸ்ஐ-யில் 2013-ல் புஷ்ப லலிதா நந்தியாலில் பேராயராகவே வந்துவிட்டார். ஆனாலும் எங்கள் பக்கத்துக் கிராமப் பீடங்களில் பெண் ஏறினால் இன்றும் அது 'பெண்கள் ஞாயிறு'தான். யூடியூபில் யாரையும் கேட்காமல் பேசுகிறார்கள், நன்றாகவும் பேசுகிறார்கள்.

ஆனால் போன் என்னைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அம்மா ஒரு நாள் 'கடைசிக் காலம்' என்று தலைப்பிட்ட வீடியோ ஒன்றைத் தெரியாமல் தொட்டாள். அடுத்த வாரம் முழுக்க உலக முடிவைப் பற்றிய நெருப்பும் மிருகமும் முத்திரையும்தான். "ஏய்யா, எல்லாருமா ஒரே சமயத்துல இதையே பேசுதாங்க, நெசமாத்தான் வந்துட்டோ?" என்று பயந்துபோய்க் கேட்டாள். அவளுக்குத் தான் தொட்டதுதான் திரும்பி வருகிறது என்று விளங்கவைக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. எனக்கு வருவதெல்லாம் எனக்கு ஏற்கெனவே சம்மதமானவை. கடனைத் திருப்பிக் கொடுக்காதவனைப் பற்றிச் சங்கீதத்தில் இருந்து யாரும் எனக்கு அனுப்புவதில்லை. கோயிலில் அந்த வாரத்துக்குக் குறித்த வேதபாகம் அதுவென்றால், நான் கடன் வாங்கிய ஆள் மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே அதைக் கேட்டாக வேண்டும். வியர்க்கும்.

இதற்கும் அடுத்த படி ஒன்று வந்தாயிற்று. 2023 ஜூனில் ஜெர்மனியின் ஃபூர்த் நகரத்தில் ஒரு ஆராதனையை சாட்ஜிபிடி எழுத, திரையில் தோன்றிய உருவங்கள் நடத்தின. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். சிரிக்காத முகத்தோடு அது சொன்ன பழகிய வாசகங்களுக்குச் சிலர் சிரித்தார்களாம். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. நான் கேட்ட பல பிரசங்கங்களை அது இன்னும் ஒழுங்காக எழுதியிருக்கும்.

சரி, பீடத்தைத் தூக்கி வைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பீடத்தில் நிற்பவரை யாரும் இடைமறிக்க முடியாது, அதுதான் அதன் பெரிய ஆபத்து. திருமண்டலத் (டயோசீஸ்) தேர்தல் சமயத்தில் ஒருவர் அரைமணி நேரம் எதிர் அணிக்காரர்களை, காட்டிக்கொடுத்த யூதாஸுக்கும் பொய் சொன்ன அனனியாவுக்கும் ஒப்பிட்டுப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லோர் கண்ணும் ஒரே பெஞ்சுக்குப் போனது. அன்று அந்தப் பெஞ்சில் இருந்தவர்களுக்கு வீடியோவை மூடுகிற வசதி இருந்திருந்தால் நல்லதுதான்.

ஆனால் அப்பா அடக்கத்தன்று மழை. கல்லறையில் குடைக்குள் நின்று ஐயர் ஐந்து நிமிடம்தான் பேசியிருப்பார். "ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் என்னை நிறுத்தி, நான் சொன்னதில் தப்பைச் சுட்டிக்காட்டுகிற ஒரே ஆள் இவர். இனி எனக்கு யார் சொல்வார்கள்?" என்றார். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அந்த ராத்திரி தூக்கம் வராமல் போனை எடுத்து, மரணத்தைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் பேசியதை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். எல்லாம் அருமையான பிரசங்கங்கள், அப்பாவைத் தெரியாதவர்கள் பேசியவை.

இப்போது என் வழக்கம் இது. வாரநாளில் பஸ்ஸில் யூடியூப், ஞாயிற்றுக்கிழமை கோயில், வருடத்துக்கு ஒரு தடவை கன்வென்ஷன் மணல். தங்கை மகனுக்கும் அதையே சொன்னேன். அவன் தோளைக் குலுக்கினான். போன ஞாயிறு கோயிலுக்கு வந்தான், பின் பெஞ்சில் போனோடு.

அம்மாவுக்கு மூட்டுவலி கூடிவிட்டதால் மழைக்காலத்தில் லைவ்தான். முடிந்ததும் எனக்குப் போன் வரும். பிரசங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. யார் வந்திருந்தார்கள், கிழக்குத் தெரு டீச்சர் வந்தாளா, யார் இருமிக்கொண்டே இருந்தது என்று கேள்வியாகக் கேட்பாள். "அந்தக் கேமராவ ஐயரு மூஞ்சிலயே வச்சிருக்காங்களே, கொஞ்சம் ஆளுக இருக்க பக்கம் திருப்பச் சொல்லக் கூடாதாய்யா?" கமிட்டியில் சொல்லிப் பார்த்தேன். வயர் எட்டாது என்றார்கள்.