எட்டு மனையா, ஒன்பதா?

காட்பாடி, குடியாத்தம் பக்கம் நிலத்தை மனை போட நினைப்பவர்கள் முதலில் மனைகளை எண்ணிப் பார்க்கட்டும். 2019 கட்டட விதிகளின்படி எட்டு வரை உட்பிரிவு. ஒன்பதாவது வந்தால் லேஅவுட்.

அண்ணன் தம்பி பாகத்துக்கு உட்பிரிவே போதும். வரைபடம் சிறியது, செலவும் குறைவு.

லேஅவுட் வேறு கதை. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வரைபடத்தைப் பார்த்துத் தொழில்நுட்ப அனுமதி தரும். பிறகு சாலைகளை ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் இறுதி ஒப்புதல். நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் (இரண்டரை ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது இடமாக விட்டே ஆகவேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடத்துக்குப் பதில் பணம் கட்டலாம். இடம் விட்டால் விற்கும் மனை குறையும். ஆனால் பூங்காவும் அகலச் சாலையும் இருந்தால் வாங்குபவர் அதிகம் பேரம் பேசமாட்டார்.

ஒரே நிலத்தை எட்டெட்டாக நறுக்கி மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் போடச் சொல்லும் புரோக்கர்களை நான் நம்பமாட்டேன்.

எதுவானாலும் ஒப்புதல் வாங்காமல் விற்கப்போனால் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு குறுக்கே நிற்கும், பத்திரம் பதிவாகாது. பட்டாவுக்குத் தாலுகா அலுவலகம் தனி நடை.