பச்சை விளக்கு எரிந்தால் போதுமா? ஒரு ரேடியோ பயிற்சிச் செயலி பற்றி

விமானி உரிமத்துக்கான ரேடியோ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்காக மூன்று மாதமாக ஒரு பயிற்சிச் செயலியைப் பயன்படுத்துகிறேன். குறைதான் அதிகம் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் மாதிரி ஒரு குரல் கட்டளை கொடுக்கும், நாம் அதை முறைப்படி திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. அவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தரையிறங்க நெருங்கும் கட்டத்துக்கான பாடங்கள் அருமை. அந்த நேரத்தில் கட்டளைகள் ஒரே மூச்சில் வரும்: ஹெட்டிங் (பறக்க வேண்டிய திசை) 210, வேகம் 210, 3000 அடிக்கு இறங்கு, அப்புறம் மாற வேண்டிய ஒரு புது ரேடியோ ஃப்ரீக்வென்சி. முதல் வாரம் முழுக்க ஹெட்டிங்கை வேகத்திலும் வேகத்தை ஹெட்டிங்கிலும் போட்டுக் குழப்பினேன். வெறும் "ரோஜர்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் சிவப்பு. நியாயம்தான், ரோஜர் என்றால் காதில் விழுந்தது என்று மட்டுமே பொருள், என்ன விழுந்தது என்று அதில் தெரியாது. இந்த ஒரு பழக்கத்துக்கே சந்தா கட்டியது தகும்.

சரி, எவ்வளவு தூரம் தாங்குகிறது பார்ப்போம் என்று பழைய விபத்துகளை அதனிடம் நடித்துப் பார்த்தேன். 1989 பிப்ரவரி 19, கோலாலம்பூரின் சுபாங் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம், போயிங் 747. கன்ட்ரோலர் சொன்னது "டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ", அதாவது 2400 அடிக்கு இறங்கு. ஆங்கிலத்தில் எண் இரண்டுக்கும் "அந்த அளவுக்கு" என்று பொருள் தரும் சொல்லுக்கும் ஒரே ஒலி என்பதால் விமானிகள் 400 அடிக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதிலும் சொன்னார்கள். யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி, இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். நானும் அதே பதிலைச் செயலியிடம் சொன்னேன், உடனே சிவப்பு, கூடவே ஒரு பீப். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் அன்றைக்கு அந்த கன்ட்ரோலரின் காதில் அப்படி எந்த பீப்பும் ஒலிக்கவில்லையே. மனிதக் காது தான் எதிர்பார்ப்பதைத்தான் கேட்கும். இந்தச் செயலியின் காது ஒருநாளும் அசராது, அதுதான் சிக்கல்.

இதற்கு நேர் எதிரானது 2022 மே மாதம் பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்தில் நடந்தது. உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தம் 1001, கன்ட்ரோலர் வாய்தவறி 1011 என்றார். விமானிகள் 1011 என்று ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார்கள். பத்து எண் தப்பினால் உயரத்தில் சுமார் 280 அடி தப்பும், ஆக உயரமானி காட்டியதைவிட அவ்வளவு கீழே அந்த ஏ320 வந்துகொண்டிருந்தது. மழையில் ஓடுதளம் தெரியாமல் மேலே ஏறியபோது, ஓடுதளத்துக்கு ஏறக்குறைய ஒரு மைல் முன்னால், தரையிலிருந்து வெறும் ஆறடி உயரம்வரை இறங்கியிருந்தது. ஆறடி! இதையே என் செயலியில் செய்திருந்தால் பச்சை விளக்கு, முழு மதிப்பெண். மூன்று மாதத்தில் ஒரு பாடத்தில்கூட கன்ட்ரோலர் குரல் தப்பாகப் பேசியதில்லை. வானிலைப் பதிவில் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு கன்ட்ரோலர் குரலில் வேறு எண்ணைச் சொல்ல வைத்து, நான் கவனிக்கிறேனா என்று பார்ப்பது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை.

எரிபொருள் பாடத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கின் கென்னடி நிலையத்துக்கு வந்த அவியான்கா விமானத்தை மோசமான வானிலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானிலேயே சுற்றவிட்டார்கள். விமானிகள் "பிரையாரிட்டி", அதாவது முன்னுரிமை, கேட்டார்கள், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார்கள், ஆனால் எமர்ஜென்சி என்ற சொல் கடைசிவரை வரவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். நான் செயலியிடம் எரிபொருள் குறைவு, பிரையாரிட்டி வேண்டும் என்றேன். சாவகாசமாக ரோஜர் சொல்லிவிட்டு இன்னொரு சுற்று சுற்றச் சொன்னது, என் பேச்சுக்குப் பச்சையும் கொடுத்தது. மினிமம் ஃப்யூயலுக்கும் மேடே ஃப்யூயலுக்கும் என்ன வித்தியாசம் என்று பாடப் பக்கத்தில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், முதலாவது இனித் தாமதம் தாங்காது என்ற எச்சரிக்கை, இரண்டாவது ஆபத்து அறிவிப்பு. படிக்கலாம், ஆனால் வாயால் சொல்லிப் பழக ஒரு பயிற்சிகூட இல்லை.

மற்றபடி குரல்கள் மூன்றுதான், மூன்றும் செய்தி வாசிப்பவர் மாதிரி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரேடியோவில் பேசும் பட்டனை அழுத்தினால் எழும் கீச்சொலி கிடையாது. வானத்தில் நான் மட்டும்தான் பறக்கிறேன், அதனால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கால்சைன் (ரேடியோவில் விமானத்தை அழைக்கும் பெயர்) உள்ள இன்னொரு விமானத்துக்குச் சொன்னதை நான் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை.

எல்லாவற்றையும் மன்னிப்பேன், இதை மாட்டேன்: "சே அகெய்ன்", அதாவது மறுபடி சொல்லுங்கள், என்று கேட்டால் இரண்டு மதிப்பெண் குறைக்கிறது. சந்தேகம் வந்தால் கேள் என்று சொல்லித்தர வேண்டிய பொருள், கேட்டதற்கு அபராதம் போடுகிறது. மதிப்பெண் போகுமே என்று நானே சில தடவை ஊகித்துப் பதில் சொன்னேன், சில தடவை பச்சையும் விழுந்தது. எழுதிக் கேட்டேன், பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது, ஒன்றரை மாதம் ஆகிறது.

ஐந்துக்கு இரண்டரை. தேர்வு முடியும்வரை சந்தாவை வைத்திருப்பேன். மாலையில் மட்டும் நண்பனை கன்ட்ரோலராக உட்காரவைத்து, பத்துக் கட்டளைக்கு மூன்றை வேண்டுமென்றே தப்பாகச் சொல் என்று கேட்டிருக்கிறேன். நேற்று மூன்றில் ஒன்றைத்தான் பிடித்தேன்.