அப்பா தைத்த படகுக்கு எந்தப் பசை?

பக்கத்து வீட்டுக்காரரின் கேரேஜில் ஒரு படகு கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. 1967-இல் அவருடைய அப்பா சாப்பாட்டு மேசையை ஓரம்கட்டிவிட்டு அந்த இடத்தில் செய்தது. இப்போது பேரன் அதை ஓட்ட வேண்டும் என்கிறான். எப்படிச் சரிசெய்வது என்பதில் மூன்று பேருக்கு நான்கு அபிப்பிராயம். நான் வெறும் எடுபிடி, ஆனாலும் எனக்கும் ஒன்று உண்டு.

இது மிரர் டிங்கி என்ற சின்னப் பாய்மரப் படகு. டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் 1963-இல் இங்கிலாந்தில் வந்தது. வடிவமைத்தவர்கள் படகு நிபுணர் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும். நீளம் 3.3 மீட்டர், வெறும் கூட்டின் எடை 45 கிலோ சொச்சம். பலகை முதல் பாய் வரை பெட்டியில் வந்த சாமான்களின் விலை அன்றைக்கு 63 பவுண்டு 11 ஷில்லிங். எழுபதாயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள்.

மெல்லிய ப்ளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடி இழை நாடாவை ரெசினில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். சென்னைக் கரையில் அலை தாண்டிய மசூலாப் படகின் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்தார்களே, அதற்கு இது தூரத்து உறவு. ஒரு வித்தியாசம்: அங்கே கயிறுதான் படகைக் கடைசிவரை பிடித்திருந்தது. இங்கே பசை இறுகியதும் கம்பிக்கு வேலை முடிந்துவிடும். ஆகவே பழுது என்றால் பேச்சு பசையில்தான் தொடங்கும்.

அன்றைய பெட்டியில் வந்தது பாலியெஸ்டர் ரெசின். "அப்பா போட்டதையே போடுவோம்" என்பது வீட்டுக்காரரின் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது: விலை குறைவு, சீக்கிரம் இறுகும், இறுகுவதற்காகக் கலக்கும் 'கடினமாக்கி' ஒரு சொட்டு முன்னே பின்னே போனாலும் பெரிதாகக் கெடாது. நாற்றம்தான் தெருமுனை வரை வரும். ஆனால் அது மரத்தை உள்ளூரப் பிடிப்பதில்லை, இறுகும்போது சுருங்கவும் செய்யும். ஐம்பது வருடம் கழித்து நாடாவின் ஓரத்தில் உளியை விட்டால் வாழைப்பட்டை போல உரிந்து வருகிற இடங்களைக் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு வகை ரெசின் எபாக்சி. அது மரத்தோடு மரமாக ஒட்டும். பல மடங்கு விலை. ரெசினும் கடினமாக்கியும் ஐந்துக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தால் ஐந்துக்கு ஒன்றுதான்; சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு கரண்டி கூட ஊற்றினால் கடைசிவரை பிசுபிசுவென்றே கிடக்கும். குளிரில் சுணங்கும். இறுகிய பின் மேலே மெழுகு போல ஒரு படலம் படியலாம். அதைத் தண்ணீரில் கழுவாமல் அடுத்த பூச்சு அடித்தால் பிடிக்காது. வெறுங்கையால் தொட்டுப் பழகினால் ஒருநாள் தோல் ஒவ்வாமை வரலாம், வந்தால் போகாது. கையுறை இல்லாதவரை நான் கேரேஜுக்குள் விடுவதில்லை.

இன்னொரு விஷயம்: நன்றாகத் தேய்த்த பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி பிடிக்கும், எபாக்சி மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது. அதனால் கெட்டியாக இருக்கும் பழைய நாடாவை அப்படியே விட்டுவிட்டு, உரிந்த இடத்தில் மட்டும் எபாக்சி போடலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

அடுத்தது அழுகல். இந்தப் படகைக் கெடுத்தது கடல் அல்ல, மழை. உப்பில் பூஞ்சை சுலபமாக வளராது. கிழிந்த உறை வழியே இறங்கிய நல்ல தண்ணீரில் கொண்டாட்டமாக வளரும். மூடி திறக்காத மிதவை அறைகள், தட்டையான முகப்பின் மூலைகள், நடுவில் கத்திப்பலகை (படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) செருகும் இடத்தின் அடி என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தோம். மூன்று இடத்தில் கேக் மாதிரி உள்ளே போனது.

நீர்த்த எபாக்சியை அழுகலுக்குள் ஊறவைத்தால் போதும் என்பார்கள் சிலர். கல்லாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் ஈர மரத்துக்குள் அது முழுதாக இறங்காது, அடியில் பூஞ்சை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெட்டி எடுப்பதே மேல். விளிம்பைத் தடிமனைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, அதேபோல் சீவிய புதுத் துண்டை ஒட்ட வேண்டும். 5 மில்லிமீட்டர் பலகைக்கு 40 மில்லிமீட்டர் சாய்வு. துண்டு பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட்டாக இருக்கட்டும். கட்டிட வேலைக்கு விற்கும் சாதா ப்ளைவுட்டில் உள் அடுக்குகளில் பொந்து இருக்கும்.

முழுக்கூட்டையும் கண்ணாடி இழைத் துணியால் போர்த்திவிடலாம் என்றார் மச்சான்காரர். எடை கூடும், உள்ளே ஈரம் இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டியதாகும். வேண்டாம். புதுக்கூடு செய்து பழைய பாயையும் சாமான்களையும் மாற்றுவது உண்மையில் இதைவிடக் குறைந்த வேலை. பந்தயம் ஓட்டுபவர் என்றால் அதைத்தான் சொல்வேன். ஆனால் மிதவை அறைக்குள் டார்ச் அடித்தால் அந்த மனிதர் முறுக்கிய கம்பி முடிச்சுகள் பச்சை பூத்துத் தெரிகின்றன. முதல் பத்து கோணல், போகப் போக நேர்த்தி. புதுக்கூட்டில் அதற்கு எங்கே போவது?

பாய்மரத்தையும் மாற்றத் தேவையில்லை. இரண்டு துண்டாக வரும் பழைய ஏற்பாட்டில் கட்டைகள் எல்லாம் படகுக்குள்ளேயே அடங்கும், கார் கூரையில் கட்டிப் போய்விடலாம்.

வெட்டும் வேலை முடிந்துவிட்டது. துண்டுகள் சீவி, எண் எழுதி, சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. கேரேஜில் இப்போது 6 டிகிரி. ஏப்ரல் வரை எபாக்சி டப்பா வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில்தான்.