நச்சரிப்பதா, சத்தியம் வாங்குவதா, உடன் நிற்பதா?

கணவர் புகைப்பதை விட்டுவிட வேண்டும் என்று ஏங்கும் மனைவிக்கு வழக்கமாக மூன்று வழிகள் தென்படுகின்றன: ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பது, சத்தியம் வாங்குவது, முடிவை அவரிடமே விட்டு உடன் நிற்பது. இம்மூன்றையும் 11 ஆண்டுகளில் முயன்றிருக்கிறேன் என்பதால், ஒவ்வொன்றும் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை வைத்தே ஒப்பிடுகிறேன்.

நச்சரிப்பில்தான் அதிக ஆண்டுகள் கழிந்தன. துவைக்க எடுத்த சட்டைப்பையில் தீப்பெட்டி தட்டுப்பட்டாலும், வாசலில் நுழையும்போதே வாடை அடித்தாலும், சோற்றுத் தட்டின் முன் அமர்ந்தவரிடம் என் மாமனாருக்கு வந்த மாரடைப்பை நினைவூட்டுவேன். புகைப்பது குறையவில்லை, மொட்டை மாடியிலிருந்து தெருமுனைத் தேநீர்க் கடைக்கு இடம் மாறியது, வாயில் ஏலக்காய் சேர்ந்தது. தன் உரிமை பறிபோவதாக உணர்பவர் அதையே இறுகப் பற்றிக்கொள்வார் என்று உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-லேயே விளக்கியிருக்கிறார். கோஹென், லிக்டன்ஸ்டைன் ஆகிய இருவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது: துணைவர் தரும் ஊக்கத்துக்கும் கூறும் குறைகளுக்கும் இடையிலான விகிதமே, விட்டவர் விட்டபடி இருப்பதோடு தொடர்புடையதாக இருந்தது. என் கணக்கில் ஊக்கத்தின் பக்கம் ஏறக்குறைய காலியாகவே இருந்தது.

அடுத்து, மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். ஒன்பது நாள் தாங்கியது. நிகோடின் நின்றதும் வரும் எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் இரண்டு மூன்று நாள்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். அந்த வாரங்களைக் கடக்கச் சத்தியம் எந்தக் கருவியையும் தருவதில்லை. அதே மனிதர் சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாளும் சிகரெட்டைத் தொடமாட்டார். அது அவரே ஏற்ற விரதம். அதிகாலைக் குளியலால் நாளின் போக்கே மாறிவிடுகிறது. கடையில் நண்பர்கள் ‘சாமி’ என்று அழைப்பார்களே தவிர, சிகரெட்டை நீட்டமாட்டார்கள். ஆகவே சத்தியத்தைவிட விரதத்தை நான் மிக உயர்வாகவே மதிக்கிறேன். உடல் தேவை பெரும்பாலும் அடங்கிய பிறகும் மாலையைக் கழற்றிய வாரத்திலேயே பழக்கம் திரும்பியதற்கு, பழைய நேரமும் பழைய இடமும் அப்படியே காத்திருந்ததே காரணம்.

மூன்றாவது வழி ஒரு கேள்வியில் தொடங்கியது: “இதுல உங்களுக்கே பிடிக்காதது எதுங்க?” அறிவுரை கூறாமல், மாற வேண்டிய காரணத்தை அவரவர் வாயாலேயே வரவழைக்கும் இம்முறையை உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுத்தில் வைத்தார். என் கேள்விக்குக் கணவர் மாடிப்படியில் மூச்சு வாங்குவதைச் சொன்னார். சாப்பிட்டதும் வரும் தவிப்புதான் கடினம் என்றும் சொன்னார். நாளையும் அவரே குறித்தார். சிகரெட் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற, புகையிலையை விட உதவும் கட்டணமில்லா எண்ணை அழைத்தார். சிகரெட்டின் தவிப்பைத் தணிக்க மெல்லும் மருந்தான நிகோடின் கம்மை மிட்டாய்போல மென்று தீர்க்காமல், வாயில் சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். காபி குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இவற்றை இருவரும் சேர்ந்தே கற்றோம்.

துணைவருக்குப் பயிற்சி அளிப்பதால் மட்டும் நெடுங்காலம் விட்டவர்களின் எண்ணிக்கை கூடியதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கணவர் விடாதது மனைவியின் குற்றம் என்று எவரும் சுமத்த இடமில்லை.

மூன்று வழிகளும் மிகத் தெளிவாகப் பிரிவது சறுக்கிய நாளில்தான். நச்சரித்த காலத்தில் ஒளித்தார். சத்தியம் முறிந்தபோது மகளின் முகத்தைப் பார்க்கவே கூசினார். மூன்றாவது முறை, ஒரு கல்யாண வீட்டில் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, அன்றிரவே அவராக வந்து என்னிடம் சொன்னார். கம் எத்தனை மிச்சமிருக்கிறது என்று இருவரும் எண்ணிப் பார்த்தோம்.