பிஎல்-259: ஐந்து மழைக்காலத்துக்குப் பிறகு

"அண்ணே, ஆண்டெனாவுக்கு பிஎல்-259 போடவா, என்-டைப் போடவா?" என்று தேவகோட்டை நண்பர் போன வாரம் கேட்டார். இரண்டுமே ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலியில்) கேபிள் முனையில் மாட்டும் கனெக்டர்கள். அன்று காலையில்தான் முகப்பு மாடியில் ஏறி, பழைய பிஎல்-259-ஐ வெட்டி எறிந்துவிட்டு வந்திருந்தேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1930களில் பிறந்த கனெக்டர் இது. யூஎச்எஃப் (மிக உயர்ந்த அதிர்வெண்) என்று பெயர் இருந்தாலும் 300 மெகாஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். நான் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் இதனால் ஏற்படும் இழப்பைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை. விலை குறைவு, முரட்டு உடம்பு, கையாலேயே முறுக்கிவிடலாம். ரேடியோவின் பின்னால் ஐந்து வருஷமாக ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆனால் மாடியில்? உள்ளே தண்ணீரைத் தடுக்க ஒரு ரப்பர் வளையம்கூடக் கிடையாது. எங்கள் வீடு தெருவுக்குத் தெரு நீளும். ஆண்டெனா முகப்பில், ரேடியோ வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், நடுவே 30 மீட்டர் ஆர்ஜி-213 கேபிள். அதிலேயே பாதிக்குக் கொஞ்சம் குறைவாக பவர் போய்விடும். இதற்கு மேல் இழக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஒவ்வொரு புரட்டாசியிலும் டேப் சுற்றினேன். சித்திரை வெயிலில் பசை இளகி ஓரம் பிரிந்துவிடும். ஐப்பசி மழை பிடித்ததும் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா பக்கமிருந்து எவ்வளவு பவர் திரும்புகிறது என்று காட்டும் அளவு) முள் ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். இந்தத் தடவை இறங்கவே இல்லை. கழற்றியபோது ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கையில் ஒழுகியது. கேபிளை ஒரு சாண் உரித்தேன், பின்னல் கம்பி கரேலென்று இருந்தது. இன்னும் ஒரு சாண் உரித்தேன், அங்கேயும் கறுப்பு. திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி பின்னலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கனெக்டர் போனால் போகட்டும், இரண்டு மீட்டர் நல்ல கேபிள் போயிற்றே என்றுதான் ஆத்திரம்.

இப்போது மேலே என்-டைப். உள்ளே ரப்பர் வளையம் உண்டு, கேபிளுக்கு ஏற்ற 50 ஓம் மின்மறுப்பும் மாறாமல் நிற்கும். நடுப்பின் மட்டும் சரியான ஆழத்தில் உட்கார வேண்டும். உள்ளே போனால் தொடாது, வெளியே நீண்டால் எதிர்ப்பக்கத்தைக் கெடுத்துவிடும். எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது.

முதலில் பிஎல்-259-ஐ அவ்வளவு பாராட்டிவிட்டும் நண்பரிடம் சொன்னது இதுதான்: மாடிக்கு அது வேண்டவே வேண்டாம். எது போட்டாலும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும். அப்புறம் வெயிலுக்கு அதன்மேல் கறுப்பு டேப் ஒரு சுற்று.